கல்விக் கடனும் நம் கடமையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் ஆலிம்களைத் தேடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பையனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. கையில் பணமில்லை. பேங்கில் படிப்புக்கு லோன் தருகிறார்கள். வாங்கலாமா, கூடாதா?"

வட்டி கொடுக்க வேண்டிய கடன் கூடாது என்பதே அதற்குரிய பதில். அந்தப் பதிலைக் கேட்ட தகப்பனார் வந்தது போலவே வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். பதில் சொன்னவரின் பொறுப்பும், அந்தத் தகப்பனார் வாழும் மஹல்லாவின் பொறுப்பும் அத்தோடு முடிந்து விட்டனவா? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் தெளிவானது

வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை ஹராமாக்கியிருப்பதாக அல்லாஹுத்தஆலா திருமறையில் (2:275) அறிவிக்கிறான். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்பவர்கள் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கொடுப்பவரும் அதில் சேர்ந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால், கல்விக் கடனை வட்டியில்லாக் கடன் போலச் சிலர் எண்ணிக் கொள்கிறார்கள். உண்மை அதுவன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் நான்கு லட்சம் வாங்குவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக் கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. முதல் தவணை கட்டும் முன்பே நான்கு லட்சம் 5,40,000 ஆகி நிற்கும். ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு இந்தக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009ஆம் கல்வியாண்டில் கொண்டு வரப்பட்டது. ஆனால் அதற்குப் பின் ஏறும் வட்டி வாங்கியவர் தலையில்தான் விழும்.

"இது நிர்ப்பந்தமல்லவா?" என்று கேட்கலாம். ஒருவரின் உண்மையான நிலையை நேரில் விசாரித்தறிந்து முஃப்தி சொல்ல வேண்டியதைப் பத்திரிகையில் பொதுவாகச் சொல்லி விட முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம். எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்த பிறகே நிர்ப்பந்தம் என்ற சொல்லை எடுக்க வேண்டும். கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தமிழக அரசின் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு 2007இல் கிடைத்தது. இவற்றை விசாரிக்காமல், பெரிய கல்லூரியின் பெயருக்காகப் பணம் கட்டி இடம் வாங்கி விட்டு, அதை நிர்ப்பந்தம் என்பது முறையாகாது. மூத்த மகளின் கல்யாணத்தில் ஊரையே கூட்டிப் பல லட்சம் செலவிட்ட வீட்டில், இளையவளின் காலேஜ் பீஸ் மட்டும் எப்படி நிர்ப்பந்தமாயிற்று?

ஆனால், இத்தனை கதவுகளையும் தட்டிய பிறகும் வழி தெரியாமல் நிற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வட்டியின் வாசலில் கொண்டு போய் நிறுத்தியது யார்? மறுமையில் அவர்களிடம் மட்டுமா கேள்வி கேட்கப்படும்?

இமாம்கள் வாழ்வில்

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்து ஏழைத் தாயிடம் வளர்ந்தவர்கள். ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயாரிடம் எதுவும் இல்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வதையே கூலியாக ஏற்று அவர் பாடம் சொல்லித் தந்தார். காகிதம் வாங்க வசதியின்றி எலும்புகளில் எழுதிப் படித்தார்கள்.

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளை. வறுமையின் காரணமாகப் படிப்பை விட்டுச் சம்பாதிக்கப் போகும்படி வீட்டார் வற்புறுத்தினார்கள். சில நாள் பாடத்துக்கு வராமல் இருந்து மீண்டும் வந்தபோது, அவர்களின் ஆசிரியரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காரணத்தை விசாரித்தார்கள். எல்லோரும் எழுந்து போகும் வரை காத்திருந்து, நூறு திர்ஹம் கொண்ட பையைக் கையில் கொடுத்தார்கள். அது தீரும் தருவாயில், கேட்காமலே அடுத்த நூறு வந்து சேரும். அந்த மாணவர்தாம் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமைக் காஜியாக உயர்ந்தார்.

இமாம் அபூஹனீஃபா அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். தம் சொந்த லாபத்திலிருந்துதான் கொடுத்தார்கள். அதையும் யாரும் பாராதபோது கொடுத்தார்கள். இன்றோ, ஐயாயிரம் ரூபாய் காசோலையை மேடையேற்றிக் கொடுத்து, தலைகுனிந்து நிற்கும் மாணவனைப் போட்டோ எடுக்கிறோம்!

நம் நாட்டிலும் இந்த வழி அற்றுப் போய்விடவில்லை. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் சென்னை நியூ காலேஜ், அதே ஆண்டில் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி ஆகியவையெல்லாம் நம் பெரியவர்கள் வாரிக் கொடுத்து எழுப்பியவை. அவர்கள் கட்டிடம் எழுப்பித் தந்தார்கள். அதனுள்ளே நுழைய முடியாத மாணவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது நம் தலைமுறையின் வேலை.

மஹல்லா செய்யக் கூடியது

ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவனுக்கு ஜகாத் கொடுக்கலாம். தம் மகனுக்குத் தம் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. ஏழையான சகோதரி மகனுக்குக் கொடுக்கலாம். அதில் தர்மத்தின் நன்மையோடு உறவைப் பேணிய நன்மையும் சேர்கிறது. ரமலானில் வாசலில் வருவோருக்கெல்லாம் ஆளுக்குப் பத்து, இருபது என்று பிரித்துக் கொடுப்பதால் யாருடைய வறுமையும் தீர்வதில்லை. இருபது பேர் தங்கள் ஜகாத்திலிருந்து ஆளுக்கு 10,000 ரூபாய் ஒதுக்கினால் இரண்டு லட்சம். ஒன்றிரண்டு பிள்ளைகளின் ஓராண்டுப் படிப்பு அதில் நடந்து விடும்.

ஜகாத் பெறும் அளவுக்கு ஏழையுமில்லை, பீஸ் கட்டும் வசதியுமில்லை என்ற நடுத்தரக் குடும்பங்களே இன்று அதிகம். அவர்களுக்குத் தேவை தர்மமன்று. வட்டியில்லாத அழகிய கடன். ஜகாத்தோடு கலக்காமல் தனியாக நிதி திரட்டி ஜமாஅத்துகள் இதை நடத்தலாம். கடனை எழுதிக் கொள்ளும்படியும் சாட்சி வைக்கும்படியும் கூறும் 2:282 வசனமும், சிரமப்படுபவனுக்கு அவகாசம் கொடுக்கும்படி கூறும் 2:280 வசனமும் அந்த நிதிக்குப் போதிய சட்டங்களாகும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

அருமை மாணவர்களே! உங்கள் கையில் வரும் பணம் ஓர் அமானிதம். அது பாலைவன வெயிலில் வாப்பா உழைத்ததாக இருக்கலாம். உம்மாவின் வளையலாக இருக்கலாம். ஊராரின் ஜகாத்தாக இருக்கலாம். வீண் விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் செய்யாமல் நடுநிலையாகச் செலவிடுவோரைத் திருமறை (25:67) புகழ்கிறது. ஒரு நோட்டில் அன்றாடச் செலவை எழுதி வாருங்கள். மெஸ் பில், புத்தகம், பஸ் கட்டணம் இவை போக மீதி எங்கே போயிற்று என்பதை அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லும். நண்பன் வைத்திருக்கிறான் என்பதற்காகத் தவணையில் செல்போன் வாங்குவதும், நொடியில் பணம் தரும் செல்போன் கடன்களில் விழுவதும் படிப்பையே விழுங்கி விடக் கூடியவை.

வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கி உதவித் தொகை பெறுவது, பொய்யோடு ஏழை மாணவனின் உரிமையையும் பறிப்பதாகும். வட்டிக்கு அஞ்சுகிறவர் இதற்கும் அஞ்ச வேண்டும்.

வேலை கிடைத்ததும் முதல் கவலை கடனைத் தீர்ப்பதாக இருக்கட்டும். ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்பட்டாலும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று ஹதீஸில் வந்துள்ளது. திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கியவனுக்கு அல்லாஹ்வே வழி செய்வான் என்ற நற்செய்தியும் புகாரியில் இருக்கிறது. ஜமாஅத் நிதிக்கு நீங்கள் திருப்பிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளையின் பீஸாகும். நீங்கள் கட்டாமல் விட்டால் அந்தப் பிள்ளை பேங்க் வாசலில் போய் நிற்கும்.

"வட்டிக்கு வாங்காதே" என்று சொல்வது நம் கடமை. வாங்காமல் படிக்க வழி செய்து கொடுப்பதும் அதே அளவு கடமை. முன்னதை மட்டும் செய்து விட்டுப் பின்னதை மறந்திருந்தால், அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு நாம் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறோம். மீதிப் பதிலையும் சொல்லும் மஹல்லாக்களாக நம் மஹல்லாக்களை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.