வீட்டுக் குளிர்ச்சியும் ஒப்புரவும்

கோடையில் ஒரு வீடு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது அக்கம்பக்கத்தையும் தொடும் செயல். புதுச்சேரியில் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு ஏசி ஓடத் தொடங்குகிறது. சூரிய மின்சாரம் ஓய்வதும் அந்த நேரத்தில்தான். பளு தாங்காமல் டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால், ஒற்றை மின்விசிறியை நம்பித் தூங்கும் வீடும் சேர்ந்தே இருட்டாகிறது. காசு கொடுத்து வாங்கிவிட்டதாலேயே குளிர்ச்சி ஒருவரின் சொந்த விஷயமாகிவிடுமா என்பது அறத்தின் கேள்வி.

ஊரோடு ஒத்து உதவி வாழ்வதைச் சொல்லும் ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் திருக்குறள் இல்லறவியலில் வைக்கிறது. துறவு என்ற அதிகாரம் துறவறவியலில் வருகிறது. இந்த வைப்புமுறை இங்கே நல்ல வழிகாட்டி. ஊரோடு ஒத்து வாழ இல்லறத்தார் சுகத்தை உதற வேண்டியதில்லை. அதன் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டால் போதும். ஆன்மிக வாழ்வும் உடல் சுகத்தைப் பகைத்தே தீரவேண்டும் என்பதில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியில் வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய பலகைகள். தங்கியிருப்பவர் அவற்றைத் திருப்பிக் காற்றையும் வெளிச்சத்தையும் தாமே அளவாக்கிக்கொள்ளலாம்.

நேரத்தை மாற்றும் வித்தை புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டில் தினமும் நடக்கிறது. காலையில் மீன் பகுதியில் ஐஸ் கட்டியை உடைத்து நொறுக்கி, மீன் ஓர் அடுக்கு, ஐஸ் ஓர் அடுக்கு என்று பெட்டியில் போடுகிறார்கள். அந்த ஐஸுக்கு மின்சாரம் செலவானது முன்பே. குளிர்ச்சி பயன்படுவது இப்போது. தடித்த செங்கல் சுவர் வீடும் ஓரளவுக்கு இப்படித்தான். வெயில் இருக்கும்போதே, மூன்று நான்கு மணிக்கு அறையைக் குளிரவைத்துவிட்டு, ஏழு மணிக்கு மேல் ஏசியை 26 டிகிரிக்கு ஏற்றி மின்விசிறியைச் சுழலவிடலாம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம்.

மத்திய அரசு 2023இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் இந்த நேர மாற்றத்தை விலையால் தூண்டுகின்றன: சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறையும், உச்ச நேரத்தில் கூடும். சிக்கலும் இங்கேதான். ஏசி வீட்டுக்கு விட்டுக்கொடுக்க இரண்டு டிகிரி இருக்கிறது. நாள் முழுக்கக் கூடைமுன் உட்கார்ந்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் போய்ப் படுக்கும் மீன்காரம்மாவுக்கு என்ன இருக்கிறது? ராத்திரிப் புழுக்கத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவைக்க அவரால் முடியாது. கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டின் நிலையும் அதுவே. இவர்களிடமும் அதே விட்டுக்கொடுப்பைக் கேட்பது அநியாயம். உச்ச நேரக் கூடுதல் கட்டணம் விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடும் வீடுகளைத் தொடாமல், அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கே விதிக்கப்பட வேண்டும்.