எழுவைதீவு வளவில் ஒரு செம்மஞ்சள் ரோசா

செம்மஞ்சளில் பூக்கும் குட்டைப் புதர் ரோசா இரண்டு மூன்று அடிக்கு மேல் வளராது. பெரிய சாடியொன்றில் அடங்கிவிடும். நீண்ட தண்டில் ஒற்றைப் பூவாக நில்லாமல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒரு கொத்து முடிந்தால் ஆறேழு கிழமைகளில் அடுத்தது வரும். சிறிய வளவுக்கு இதைவிடப் பொருத்தமான ரோசா இல்லை. ஆனால் அந்த வளவு எழுவைதீவில் இருந்தால் இடம் ஒரு பிரச்சினையே அல்ல, தண்ணீர்தான் பிரச்சினை. காய் தராத, கறிக்கும் ஆகாத ஒரு செடிக்கு, குடிதண்ணீரையே அளந்து புழங்கும் ஊரில், எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது நியாயம்? ரோசா வளர்ப்பின் நுட்பங்கள் எல்லாம் அங்கே இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகின்றன.

எழுவைதீவு ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போய்ச் சேரும் சின்னத் தீவு. பரப்பு ஏறக்குறைய 1.4 சதுர கிலோமீற்றர். ஆறு இல்லை. அடியில் இருப்பது சுண்ணக்கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதே இதற்குக் காரணம். நெதர்லாந்தின் கிபனும் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கலாம். சின்னத் தீவுகளில் நடைமுறை அவ்வளவு தாராளமானதல்ல. ஆயினும் கணக்கின் மறுபக்கம் அங்கேயும் பொருந்தும்: மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் அடியிலிருந்து உவர் பல மடங்கு ஏறும். துலாவும் கப்பியும் மெல்ல மெல்ல அள்ளியபோது ஊற்று மீள ஊற நேரம் இருந்தது. மோட்டார் பம்பி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. கிணறு அவரவர் வளவில் இருந்தாலும் அடியில் இருக்கும் நீர் ஒன்றே. ஒரு வீட்டின் பூச்செடி குடிப்பது அடுத்த வீட்டின் கிணற்றிலும் கழியும்.

ரோசாவோ இந்தக் கடற்கரைக்குச் சொந்தமானதல்ல. இன்றைய செம்மஞ்சள் தோட்ட ரோசாவுக்கு வயது ஒரு நூற்றாண்டைச் சற்றே தாண்டும். ஐரோப்பியத் தோட்டங்களில் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, வெளிர்மஞ்சள் ரோசாக்களே இருந்தன. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் பெர்னே-டுஷே, மேற்காசியாவிலிருந்து வந்த ‘பேர்ஷியன் யெலோ’ என்ற அடர்மஞ்சள் ரோசாவைத் தோட்ட ரோசாவோடு கலந்து, 1900இல் ‘சொலெய் டோர்’ என்ற வகையை வெளியிட்டார். இன்றைய அடர்மஞ்சள், செம்மஞ்சள் ரோசாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சத்தில் அது இருக்கிறது. பின்னர் பெலார்கோனிடின் என்ற செந்நிறப் பொருள் ரோசாவில் தோன்றியது. மஞ்சள் தரும் கரோட்டினொயிட்டுகளோடு அது சேர்ந்தபோது நிறம் கொழுந்துவிட்டது. 1960இல் ஜேர்மனியின் தன்டாவ் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்டார்’ அந்த நிறத்தை உலகெங்கும் கொண்டுபோனது.

நிறத்தோடு ஒரு நோயும் வந்தது. மேற்காசிய மூதாதை, இலையில் கரும்புள்ளி விழுத்தும் பூஞ்சணத்துக்கு எளிதில் இரையாவது. அந்தப் பலவீனம் பேரப்பிள்ளைகளிலும் இறங்கியது. எனவே செம்மஞ்சள் ரோசா வாங்குபவர் பூவின் படத்தைப் பார்ப்பதற்கு முன் இலையைப் பார்க்க வேண்டும். மருந்து தெளிக்காமலே நிற்கும் புதர் ரோசாக்களைத் தேடும் முயற்சி, 2000இல் அமெரிக்காவின் வில்லியம் ராட்லர் உருவாக்கிய சிவப்பு ‘நொக் அவுட்’ வெளிவந்ததற்குப் பின் வேகமெடுத்தது. குட்டைச் செம்மஞ்சள் வகைகள் பலவும் அதன் பின்னர் வந்தவை. சூட்டைத் தாங்கும் ரோசாவுக்கான தேடல் நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் பல பத்தாண்டுகளாக, குளிர்நாட்டு ரோசாக்களோடு ரோசா கிளைனோபில்லா, ரோசா ஜைகான்ரியா ஆகிய காட்டு வகைகளைக் கலந்து, வெப்பநாட்டுக்கு ஏற்ற செடிகளை உருவாக்கினார். வங்காளத்தின் ஈர நிலங்களில் வளரும் கிளைனோபில்லா, ரோசா குளிருக்கே உரியது என்ற எண்ணம் முழு உண்மையல்ல என்பதற்குச் சான்று.

எழுவைதீவில் ரோசாவின் முதல் எதிரி வெயில் அல்ல, காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றான சோளகம் ஓயாமல் அடிக்கும். அது கடலின் மேல் வரும்போதே உப்புத்துளியை ஏந்தி வருகிறது. துளி இலையில் படிந்து காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத உப்பாகத் தங்கும். சில நாளில் இலையின் நுனி மண்ணிறமாகும். பின் பல்பல்லான விளிம்பு முழுவதும் கோடிழுத்தாற்போல் கருகும். நடுப்பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். இவ்வாறு விளிம்பிலிருந்து உள்ளே வரும் கருகல் உப்பின் கையெழுத்து. வட்டமாகப் புள்ளி விழுந்து அதைச் சுற்றி மஞ்சளித்தால் அது பூஞ்சணம், உப்பல்ல. இளங்கொழுந்து வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது சுண்ணாம்பின் வேலை: மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுந்ததால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. மூன்றுக்கும் ஒரே மருந்து தேடுவோர் செடியை இழக்கிறார்கள்.

இதனால் இடத்தெரிவு முக்கியமாகிறது. வீட்டின் வடகிழக்குப் பக்கம் சோளகத்துக்கு மறைவானது. காலை வெயிலும் அங்கே கிடைக்கும். வேலியும் காற்றைத் தடுக்கும், ஆனால் மதிலைவிடக் கிளுவையோ பூவரசோ நின்ற உயிர்வேலி மேல். மதிலில் மோதும் காற்று மேலெழுந்து மறுபக்கம் சுழன்று விழுகிறது. உயிர்வேலி காற்றை வடித்து, வேகத்தைக் குறைத்து, உப்பைத் தன் இலையில் வாங்கிக்கொள்கிறது. சோளக காலத்தில் விடியற்காலையில் ஒரு செம்பு நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுவது பலன் தரும். மாலையில் கழுவினால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சணத்துக்கு இடமாகும்.

மண்ணுக்கு வந்தால், நிலத்தில் குழி தோண்டுவதைவிடச் சாடியே நல்லது. கொஞ்ச ஆழத்திலேயே கல் தட்டும், கல்லோடு சுண்ணாம்பும் வரும். பதினாறு அங்குல வாயுள்ள மண்சாடி போதும். சீமெந்துச் சாடி தானும் சுண்ணாம்பைக் கசியவிடும். செம்மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெருவும் குழையெருவும் கலந்தால் வேருக்கு வேண்டியது கிடைக்கும். கடற்கரை மணலைக் கலப்பது தவறு. அதில் சிப்பித்தூளும் உப்பும் உண்டு. தீவுப்பகுதியில் கரையொதுங்கும் சாதாழையை எருவாக இடும் வழக்கம் பழையது. ரோசாவுக்கு அதை அப்படியே இடக்கூடாது. ஒரு மாரி முழுவதும் மழையில் நனைந்து உப்புக் கழிந்த பின் மேற்போர்வையாகப் பரப்பினால் ஈரம் காக்கும். மலைநாட்டு நாற்றுமேடைகளிலிருந்து வரும் செடிகளில் ஒட்டுச்செடிகளும் உண்டு. அவற்றின் அடிச்செடி சுண்ணாம்பையும் உப்பையும் தாங்காத வகையானால் மேலே எந்த நல்ல வகை இருந்தும் பயனில்லை. சொந்த வேரில் நிற்கும் செடிக்கு இன்னொரு நன்மை உண்டு: மேலே முழுவதும் பட்டுப்போனாலும் அடியிலிருந்து துளிர்ப்பது அதே ரோசாவாகவே இருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதில் சிக்கனம் பார்ப்போர் வழக்கமாகச் செய்யும் ஒன்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது. சவர்த்தண்ணீர் உள்ள இடத்தில் இது செடியைக் கொல்லும். தெளித்த நீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும்போது வேரைச் சுற்றிலும் அதுவே நிகழ்ந்திருக்கிறது. மேல்மண் காய்ந்த பின், அடித்துளையால் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். ஒழுகும் நீர் உப்பையும் கொண்டுபோகும். குறைவாகக் கொடுப்பதும் சிக்கனமும் ஒன்றல்ல. அரைகுறையாகக் கொடுத்த தண்ணீர் முழுவதும் வீண்.

அப்படியானால் கிணற்றிலிருந்து எவ்வளவு எடுப்பது? கணக்குப் பார்த்தால் கிணற்றைத் தொடவே தேவையில்லை. சாடியில் நிற்கும் ஒரு குட்டை ரோசாவுக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சராசரி மூன்று லீற்றர் என்று வைத்தால், சோளகத்தின் ஐந்து மாதங்களுக்கு, அதாவது 150 நாட்களுக்கு, 450 லீற்றர். ஆண்டில் 1000 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு சதுர மீற்றர் கூரையில் விழுவது 1000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 800 லீற்றர் சேரும். வீட்டுக் கதவொன்றின் அகலமும் அதன் பாதி உயரமும் உள்ள கூரைத்துண்டு ஒரு ரோசாவைக் கோடை கடத்திவிடும். தேவை ஒரு பீலியும் மூடியுள்ள 500 லீற்றர் தாங்கியும். மழைநீரில் உப்பும் சுண்ணாம்பும் இல்லையென்றே சொல்லலாம். கிணற்றுநீரால் வரும் இலை வெளுப்பும் இதனால் குறையும். ஊர் நீரில் பங்கு கேட்பதா என்ற கேள்வி இங்கே தீர்கிறது. கடலுக்கு ஓடிப்போகும் நீரைக் கோடைக்குச் சேமித்தால் ரோசா யாருக்கும் கடன்பட்டதல்ல. முற்றிலும் நேர்மையாகச் சொன்னால், கூரைநீர் நிலத்தில் இறங்கினால் கிணற்றுக்குத்தான் சேரும். ஆயினும் மாரியின் நடுவே நிலம் நிறைந்து வழியும் நாட்களில் பிடிக்கும் 500 லீற்றர் கிணற்றுக்குப் பெரிய குறை வைக்காது.

உறைபனி இல்லாத நாட்டில் ரோசா இலையுதிர்த்து உறங்குவதில்லை. ஓய்வை வளர்ப்பவர்தான் கொடுக்க வேண்டும். பெருமழை ஓய்ந்து மார்கழி முடியும் தறுவாயில், பட்டுப்போன கிளைகளை அகற்றி, மற்றவற்றை மூன்றிலொரு பங்கு வெட்டிவிட்டால், தை கடந்து மாசி, பங்குனியில் நல்ல பூ வரும். முதல்நாள் மொட்டின் வெளியிதழ் செந்நிறமாகவும் உள்ளிதழ் செம்மஞ்சளாகவும் இருக்கும். நண்பகல் வெயில் பட்டதும் நிறம் வெளிறத் தொடங்கும்; அடுத்த நாள் மாலைக்குள் அது ஏறக்குறைய இளஞ்சிவப்பு. சூடு கூடக் கூடப் பூ சிறுக்கும். சித்திரைக்குப் பின் மொட்டுகளைக் கிள்ளி, செடியை இலையோடு மட்டும் நிற்கவிடுவது அதன் பலத்தைக் காக்கும். வெளிநாட்டிலிருந்து உறவுகள் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணி விடுமுறையில். அதுவே ரோசா மிகவும் சோர்ந்திருக்கும் காலம். விருந்தினர் பார்வைக்காக இந்தச் செடியை வளர்ப்பவர் ஏமாறுவார். மாசி மாதத்தில் வீட்டில் இருப்பவருக்கே அது பூக்கிறது.

செம்மஞ்சள்தான் வேண்டுமென்றால் கனகாம்பரம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது இந்த மண்ணுக்குரியது, கூந்தலுக்கும் கோயிலுக்கும் ஆகும். செவ்வரத்தையும் போகன்விலாவும் காற்றை நின்று தாங்கும். நிறத்துக்காக மட்டும் என்றால் ரோசாவுக்கு வழக்கே இல்லை. ரோசாவின் பயன் அதன் நொய்மையில் இருக்கிறது. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் வரிசையின் தலைப்பில் ரோசா நடும் வழக்கம் உண்டு. பூஞ்சணம் கொடியைத் தாக்கும் முன் ரோசாவில் தெரியும் என்பது அங்கே நம்பிக்கை. தீவில் அது உப்புக்குக் காவல் நிற்கிறது. கிணற்று நீர் ஆண்டாண்டாகச் சவர் ஏறினாலும் வீட்டார் அறிவதில்லை, தினமும் குடிக்கும் நாக்கு பழகிவிடுகிறது. இலை பழகாது. கிணற்றுநீர் ஊற்றிய சாடியில் போன ஆண்டு ஆவணியில் தெரிந்த கருகல் இவ்வாண்டு ஆனியிலேயே தெரிந்தால், கிணற்றைப் பற்றி வீட்டார் அறிய வேண்டிய ஒன்றை அது சொல்லிவிட்டது. எல்லாம் தாங்கும் செடிகள் மட்டுமே நிற்கும் வளவில் அதைச் சொல்ல எதுவும் இராது.

எனினும் காவலுக்கும் ஆசைக்கும் ஒரு செடியே போதும். மழை பொய்த்த ஆண்டில் தாங்கி வற்றினால் கிணற்றை நாடுவதற்கு முன் செடியைப் பாதியாகக் குறைத்து வெட்டலாம். இலை குறைந்தால் தாகமும் குறையும். அப்படியும் போதாவிட்டால் செடியைக் கைவிடுவதில் குற்றமில்லை. மார்கழியில் ஆறங்குலத் தடியாக வெட்டிப் பதித்த கன்று அயல்வீட்டில் ஒன்று நின்றால் இழப்பு முழு இழப்பாகாது. இரண்டாவது செடி வைக்கலாமா என்பதைத் தை மாதத்தில் தாங்கியின் நீரை அளந்து முடிவு செய்வதே முறை. 450 லீற்றருக்கு ஒன்று, 900 லீற்றருக்கு இரண்டு. அதற்கு மேல் ஆசை இருந்தால் முதலில் பெருக்க வேண்டியது தாங்கியை.