கண்ணிழந்தும் காட்சி இழவாதவர்



திருச்சிராப்பள்ளி மலைக்குகையில் நம் முனிவர் கிடந்து நோற்ற கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அம்மலையுச்சியை அடைய நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறுதல் வேண்டும். ஏறவியலாத காலுடையாரும், படியையே காணவியலாத கண்ணுடையாரும் நம் குடும்பங்களில் உளர். அவரைக் குறித்துப் 'பழவினை' என்று ஒரே சொல்லில் கூறி முடித்துவிடுகிறோம். விழா நாளில் வீட்டின் உள்ளறையில் இருத்திவிட்டு, நாம் மட்டும் ஜினாலயம் செல்கிறோம். வினைக்கொள்கையைக் கற்றவர்க்கு இது தகுமா?

பண்டித சுக்லால்ஜி சங்கவியின் வாழ்வை இங்கு எண்ணிப் பார்ப்போம். 1880-இல் குஜராத்தின் லிம்லி என்னும் சிற்றூரில், வணிகச் சமணக் குடியில் பிறந்தவர் அவர். பதினாறாம் வயதில் பெரியம்மை கண்ட பின் இரு கண்களும் ஒளி இழந்தன. வணிகம் அவரைக் கைவிட்டது, கல்வி கைவிடவில்லை. 1904-இல் காசி சென்று, சமணப் பாடசாலையில் வடமொழி இலக்கணம் பயின்றார். தருக்கம் கற்க மிதிலைக்கும் சென்றார். பிறர் வாசிக்கக் கேட்பார். கேட்டதை நெஞ்சில் இருத்துவார். தாம் சொல்லப் பிறரை எழுதச் செய்வார். சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கத்தைப் பெரிய உரையுடன், பல சுவடிகளை ஒப்புநோக்கி, பேசர்தாஸ் தோசி அவர்களோடு பதிப்பித்தார். சுவடி ஒப்புநோக்கல் கண்ணுடையாரையே களைப்புறச் செய்யும் பணி என்பதைப் பதிப்புத் தொழில் அறிந்தோர் அறிவர். 1933 முதல் 1944 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமணத் தத்துவம் கற்பித்தார். இரு பிரிவினரும் போற்றும் தத்துவார்த்த சூத்திரத்திற்கு அவர் இயற்றிய விளக்கவுரை இன்றும் பயிலப்படுகிறது. 1974-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1978-இல் மறைந்தார்.

கண்ணால் காணும் காட்சியை மறைப்பது ஒரு வினை. அறிவை மறைக்கும் வினையோ வேறு. ஒன்றின் உதயத்தைக் கண்டு மற்றொன்றையும் ஏற்றிக் கூறுவது நம் ஆகமத்திற்கு ஒவ்வாது. சுருத ஞானம் என்ற பெயரே கேள்வியால் அமைந்ததன்றோ? கேவல ஞானத்திற்குப் பொறிகளே வேண்டா.

மேலும், பிறர் உடற்குறை கண்டு அருவருத்தல் நற்காட்சியின் மூன்றாம் அங்கமாகிய உவர்ப்பின்மைக்குக் கேடு. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும், தான் அளித்த உணவே பிழையோ என்று வருந்தி, அவரைக் கழுவித் தூய்மை செய்த உத்தாயன மன்னனை அதற்கு எடுத்துக்காட்டாக ஆசாரியர் வைத்தனர். ஊனமுற்றவரின் வினையை ஆராய்வோர், அவரைக் கண்டு முகஞ்சுளிக்கும் தம் வினையை முதலில் ஆராய்க.

அண்டையிலுள்ள திருவரங்கத்தாரும், கண்ணிழந்த கூரத்தாழ்வானை இரக்கத்திற்குரியவராக அன்றி, ஆசாரியராகவே போற்றி வருகின்றனர். சமயம் வேறாயினும் அப்பண்பு நாம் கொள்ளத்தக்கது.

பண்டிதர்க்கு ஏடு வாசித்தவர்களையும் நாம் மறத்தல் ஆகாது. அவர் செய்தது நூலோதலாகிய சுவாத்தியாயம். அதுவே பணிவிடையாகிய வையாவிருத்தியமும் ஆயிற்று. அகத்தவம் ஆறனுள் இரண்டு ஒரே அமர்வில் கைகூடின. நம் இல்லத்தில் பார்வை குன்றிய பாட்டனாரோ, பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளையோ இருப்பின், இன்று மாலை நாலடியாரை எடுத்து அவர் அருகில் அமர்வோம். எங்கிருந்து தொடங்குவது என்பதை அவரே சொல்லட்டும்.