முதலாட்டமும் தீர்ப்பும்

புதிதாய்க் களம்புகும் வீரனை அவனது முதலாட்டத்தைக் கொண்டே எடைபோடுவது பார்வையாளர் இயல்பு. வாழைச்சேனை மைதானத்து உதைபந்தாட்டமாயினும், உலக அரங்கின் கிரிக்கெட்டாயினும் இவ்வியல்பு ஒன்றே. இத்தீர்ப்பு நீதியானதா?

1990ஆம் ஆண்டு சண்டிகாரில் இந்தியாவுக்கெதிரான தமது முதல் டெஸ்ட் போட்டியின் இரு இன்னிங்ஸ்களிலும் மார்வன் அத்தபத்து ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்தார். 1994 வரை ஆடிய முதல் ஆறு இன்னிங்ஸ்களில் அவர் பெற்றது ஒரேயொரு ஓட்டம். அவரே பின்னர் 6 இரட்டைச் சதங்கள் உட்பட 5,502 ஓட்டங்களைக் குவித்து, இலங்கை அணியின் தலைவராகவும் விளங்கினார்.

இதனைக் காட்டிப் பார்வையாளரைக் கடிந்துகொள்வது எளிது. எனினும் அவர்தம் பக்கத்திலும் நியாயமுண்டு. அணியில் இடங்கள் பதினொன்றே. ஒருவருக்கு வழங்கும் வாய்ப்பு இன்னொருவருக்கு மறுக்கப்படும் வாய்ப்பாகும். ஆதலின் தீர்ப்பை என்றென்றைக்கும் ஒத்திவைத்தல் இயலாது.

மேலும், முதலில் தவறியோர் அனைவரும் அத்தபத்துவைப் போல் உயர்வதில்லை. பிற்கால வெற்றியே முற்காலத் தீர்ப்பைப் பிழையாக்குமெனின், இறுதிவரை வெல்லாதவன் மீது விதித்த அவசரத் தீர்ப்பு நீதியாகிவிடுமன்றோ? ஆகவே, தீர்ப்பொன்றின் நீதியை அது வழங்கப்பட்ட வேளையில் இருந்த சான்றைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஒருநாள் ஆட்டம் அந்நாள் ஆட்டத்துக்கே சான்று. 'இன்று தவறாக ஆடினான்' என்பது மதிப்பீடு. 'இவன் ஆடத் தெரியாதவன்' என்பது சான்றை மீறிய கூற்று. முன்னதைக் கூறப் பார்வையாளருக்கு உரிமையுண்டு; பின்னதைக் கூற அவர் இன்னும் பல ஆட்டங்களைப் பார்த்தாக வேண்டும். புகழின் வெளிச்சம் எட்டாத சிற்றூர் இளைஞன் மறுமுறை மைதானத்துக்கு வருவதும் வராததும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.