நஸீபும் மிதிவண்டியும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகினால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்குள்ள பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி அதனை ஆக்கியதாகக் கல்வெட்டும் பொறித்து வைத்தான்.

அவ்வூருக்கு அருகில் வாழும் நண்பர் ஒருவரைக் காண நாம் சென்றிருந்தோம். தாழ்வாரத்தில், அவர் மகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி தூசி படிந்து நின்றது.

“மகள் ஓட்டுவதில்லையா, தம்பி?” என்று கேட்டோம்.

“இரண்டு முறை விழுந்துவிட்டாள், ஹஜ்ரத். போதும் என்று நிறுத்திவிட்டேன். பஸ் வராத நாளில் பள்ளிக்கும் போவதில்லை. எல்லாவற்றுக்கும் நஸீப் வேண்டுமே! நிக்கோபாரில் ஒரு பெண், சுனாமியில் பிழைத்துச் சைக்கிள் வீராங்கனை ஆனாளே, அவளுக்கு எழுதியிருந்தது, ஆனாள்” என்றார். கதவோரம் நின்ற அப்பிள்ளை தலைகுனிந்து உள்ளே சென்றுவிட்டாள்.

நண்பர் குறிப்பிட்டது டெபோரா ஹெரால்டு என்னும் பெண்மணியை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரைத் தாக்கியபோது அவருக்கு வயது ஒன்பது. மரமொன்றைப் பற்றி, அதன்மேல் நாள்கணக்கில் தங்கி உயிர் தப்பினார். பின்னர் டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கின் மரத்தளச் சைக்கிள் ஓடுதளத்தில் பயிற்சி பெற்று, ஆசியக் கோப்பைப் போட்டிகளில் நாட்டுக்குப் பதக்கங்கள் ஈட்டினார். 2015ஆம் ஆண்டின் இறுதியில், மகளிர் 500 மீட்டர் தனியோட்டத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தை எட்டினார்.

இப்பெருமைக்காகவே அவர் காப்பாற்றப்பட்டார் என்று உலகம் பேசுகிறது. நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் எத்தனை ஒன்பது வயதுப் பிள்ளைகள்! அவர்கள் எதற்கும் தகுதியற்றவர்களா? நீரில் மூழ்கி இறப்போரை ஷஹீதுகளின் வரிசையில் வைக்கிறது நம் மார்க்கம். ஆகவே பிழைத்தவர் உயர்ந்தவர் என்றோ, இறந்தவர் கைவிடப்பட்டவர் என்றோ தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. பிழைத்தல் பரிசன்று, அமானிதம். அதனைக் கொண்டு என்ன செய்தாய் என்பதே கேள்வி.

அவ்வாறாயின் விதி எங்கே, முயற்சி எங்கே? மனிதனின் செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்பது இமாம் அபுல் ஹஸன் அஷ்அரீ (ரஹ்) அவர்களின் விளக்கம். இந்த ஈட்டலையே ‘கஸ்பு’ என்பர். மண்டகப்பட்டுப் பாறையை மகேந்திரவர்மன் படைக்கவில்லை. அது முன்னரே அங்கிருந்தது. ஆனால் உளி பிடித்த கைகள் ஓங்கியிராவிட்டால் அது பாறையாகவே கிடந்திருக்கும்.

ஓடுதளச் சைக்கிளில் வியப்பான ஓர் அமைப்பு உண்டு. அதற்கு பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. நம் வீட்டுச் சைக்கிளில் காலை ஓயவைத்தாலும் வண்டி ஓடும். அதிலோ, சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றே தீரும். காலால் சக்கரம் ஓடுகிறதா, சக்கரத்தால் கால் ஓடுகிறதா என்று பிரித்துச் சொல்வது அரிது. விதியும் முயற்சியும் இவ்வாறே பிணைந்துள்ளன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததன் உட்பொருளும் இதுவே.

நடந்து முடிந்ததைப் பொறுத்துக்கொள்ள விதியை நினைப்பது ஈமான். நடக்க வேண்டியதைத் தடுக்க விதியைச் சொல்வது சோம்பல். பிறர் பிள்ளையின் வாழ்வில் சொன்னால் அநீதி. எழுதப்பட்டது இன்னதென்று நமக்குக் காட்டப்படவில்லை. காட்டப்படாத ஏட்டை எவ்வாறு ஒரு சிறுமிக்கு எதிராகப் படித்துக் காட்டுவது?

இதனை நண்பருக்கு எடுத்துரைத்தபோது நம் நெஞ்சமும் உறுத்தியது. பாடம் ஏறாத மாணவர் சிலரிடம், “உனக்கு இல்ம் விதிக்கப்படவில்லை” என்று முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நாமும் கூறியதுண்டு. அவர்களுள் ஒருவரேனும் அச்சொல்லை நம்பிக் கிதாபை மூடியிருந்தால், அதற்கு நாம் மறுமையில் என்ன விடை சொல்வோம்?

நண்பர் மறுமொழி கூறவில்லை. நாம் விடைபெற்றபோது, அவர் குனிந்து அவ்வண்டியின் டயரை விரலால் அழுத்திப் பார்த்துக் கொண்டிருந்தார். காற்று இறங்கியிருந்தது.

பெற்றோரே, உங்கள் வீட்டுத் தாழ்வாரங்களையும் ஒருமுறை பாருங்கள். காற்றடிப்பது நம் கையில். சென்று சேர்ப்பது இறைவன் கையில்.