வெள்ளி விலையும் கொலுசுக் கூலியும்

சேலத்தில் என் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி. அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் பெண். சிவதாபுரம் பக்கம் வீடு. அம்மாவும் அவளும் வீட்டிலிருந்தே கொலுசு வேலை செய்கிறார்கள். ஒருநாள் நூலகத்தில் வணிக நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தவள் என்னிடம் கேட்டாள்: "வெள்ளி விலையை தினமும் போடுறாங்கம்மா. எங்கம்மாவோட கூலியை எந்தப் பக்கத்துல போடுவாங்க?"

சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அறம் பற்றிய கேள்வி. ஒரு வரிகூடப் பொய் எழுதாத நாளிதழ், எழுதாமல் விட்டவற்றால் தவறு செய்ய முடியுமா?

பொருளாதாரச் செய்தி வெறும் எண் அல்ல. 1992 ஏப்ரலில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தி, ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை மோசடியை வெளியே கொண்டுவந்தது. இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெண் துருவியதன் விளைவு அது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அது வணிகச் செய்தி. உழைப்பு எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் 'சமூகப் பிரச்சினை' ஆகி வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறது.

வெள்ளி விலை ஏறினால், வாங்கி வைத்திருப்பவருக்கு அது லாபம். நாளிதழும் அவர் பக்கம் நின்றே அதைச் சொல்கிறது. விலை ஏறினால் கொலுசுக்கு ஆர்டர் குறையும். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வேலை குறையும். ஒரே செய்தி, இரண்டு வாழ்க்கை. அச்சில் வருவது ஒன்றுதான்.

விலை அச்சில் ஏறுவது எவ்வளவு பெரிய பலம் என்பதை அறிய நாமக்கல்வரை போனால் போதும். வியாபாரி சொன்ன விலைக்கே முட்டையைக் கொடுத்துவந்த பண்ணையாளர்கள், 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவாகத் திரண்டார்கள். 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பது அவர்களின் முழக்கம். அந்தக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலை இன்று நாளிதழ்களில் வருகிறது. பேரம் பேச அவர்களுக்கு அது ஒரு பிடிமானம். அதே பண்ணைகளில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் பெண்ணின் கூலிக்கு அப்படியொரு பிடிமானம் இல்லை.

கொலுசு வேலையோ வீட்டுக்குள் நடப்பது. உலை கொதிக்கும் நேரத்தில் வளையம் கோர்க்கிறாள். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பற்றவைக்கிறாள். அதனாலேயே 'சும்மா இருக்கிற நேரத்துல செய்யறது' என்று பேர். சும்மா இருக்கிற நேரம் எது? 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த ஐந்து மணி நேரத்தின் இடுக்குகளில்தான் நம் கால்களில் ஒலிக்கும் கொலுசு உருவாகிறது.

"அது முதலீட்டாளர்களுக்கான நாளிதழ், அவர்களுக்கு வேண்டியதைத்தானே எழுதும்" என்று கேட்பவர்கள் உண்டு. 1994இல் தொடங்கிய பிசினஸ்லைனில்தான் சி.பி. சந்திரசேகரும் ஜயதி கோஷும் பல்லாண்டுகள் 'மேக்ரோஸ்கேன்' பத்தியை எழுதினார்கள். பெண்களின் வேலை குறித்து 2009இல் ஒரு நூலே எழுதியவர் ஜயதி கோஷ். பங்கு விலைகளுக்கு நடுவே வேலையையும் கூலியையும் பற்றிய கேள்விகளுக்கு இடம் இருந்தது. ஆக, இடமில்லை என்பது இயற்கை விதி அல்ல. ஒவ்வொரு நாளும் யாரோ எடுக்கும் முடிவு. முடிவு என்றால் அதற்குப் பொறுப்பும் உண்டு.

அந்த மாணவிக்குக் காட்ட என்னிடம் ஒரு பக்கமும் இல்லை. "நீயே எழுதேன்" என்றேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டாள். தேதி, வேலை செய்த நேரம், எடை, கைக்கு வந்த கூலி. பிறகு அக்கம்பக்கத்து அக்காக்களிடமும் கேட்டு எழுதினாள். பக்கத்துத் தெருவில் அதே வேலைக்கு வேறு கூலி என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதுவரை அந்த நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத அவள் அம்மா, கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: "அங்க எவ்வளவு தர்றாங்களாம்?"