மூன்று நாள் இடைவெளி

மே 18 அன்று தமிழ்நாட்டில் ஒரு கூட்டம், இலங்கைப் போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறது. மே 21 அன்று இன்னொரு கூட்டம், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தில் மலர் தூவுகிறது. நடுவே மூன்றே நாள். முதல் கூட்டத்தில் எத்தனை பேர் இரண்டாவதற்கு வருவார்கள்? இரண்டாவதில் எத்தனை பேர் முதலாவதை எட்டிப் பார்ப்பார்கள்? இரண்டும் ஒரே போரின் சாவுகள்தானே?

ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிப்டுக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் ஓடும் ஊர் ஸ்ரீபெரும்புதூர். அதில் தூங்கி வழியும் இருபது வயதுப் பையனுக்கு ராஜீவ் காந்தியின் பெயர் தெரியும். அவரோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும், கவிதை படித்துக் காட்ட வந்த ஒரு பள்ளிச் சிறுமியும் உண்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறோமா? கடல் தாண்டி நடந்த போர் ஸ்ரீபெரும்புதூர் வரை ஏன் வந்தது என்பதையாவது?

மனித வெடிகுண்டை அனுப்பியது விடுதலைப் புலிகள். அதற்கு இன்றும் நியாயம் கற்பிப்பவரே, அந்தச் சிறுமி எந்தப் படையில் இருந்தாள்? அவசரமாகத் தலையாட்டும் தேசபக்தரே, உங்களுக்கும் ஒன்று: 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் தாதியரும் செத்தார்கள். அவர்கள் எந்த இயக்கத்தில் இருந்தார்கள்?

இன்னும் கசப்பானது பாக்கி இருக்கிறது. 1990 ஆகஸ்டில் இலங்கையின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது சிங்களப் படையல்ல. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடுவில் துரத்தியதும் சிங்களப் படையல்ல. புலிகள்தான். தமிழ் பேசிய அந்த மக்களுக்கு நம் மெழுகுவத்திகளில் ஒன்றாவது உண்டா? ‘இப்போது ஏன் இதைக் கிளறுகிறாய்’ என்பீர்கள். கொழும்பும் இதைத்தான் சொல்கிறது, கவனித்தீர்களா?

செத்தவருக்கு நம் விளக்கு தெரியாது. மலரின் வாசம் எட்டாது. ஆன்மா சாந்தியடையும் என்ற சமாதானம் நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. பிறகு எதற்கு நினைவிடம்? உயிரோடு இருப்பவன் பொய் சொல்லாமல் இருக்க. போர்க்களம் ஒரு சாட்சி. அதற்குக் கோபுரம் வேண்டாம். கலைக்காமல் விட்டால் போதும்.

கலைப்பதில்தான் இலங்கை அரசு கைதேர்ந்தது. புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்களைப் புல்டோசர் தரைமட்டமாக்கியது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தில் ராணுவத் தலைமையகமே எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகு சில நாளில் மறுபடி அடிக்கல். புதுக்குடியிருப்பில் ராணுவத்தின் வெற்றிச் சின்னம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. கடைசிக்கட்டப் போரில் பொதுமக்கள் நாற்பதாயிரம் பேர் வரை செத்திருக்கலாம் என்றது 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு.

ஆனால் மண் கட்சி மாறுவதில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக 1998-ல் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். 2025-ல் அங்கே தோண்டியபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப்பையும் வந்தது. அதைக் கண்டுபிடித்தது பிரார்த்தனை அல்ல, தூரிகையும் மண்வெட்டியும் பிடித்த அகழாய்வுக் குழு.

நமக்கென்ன பொறுப்பு என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர் நினைவிட வாசலில் ஒரு பலகை வைக்கலாம். 1983 ஜூலைத் தமிழர் படுகொலை, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, காத்தான்குடி, 1991 மே 21, முள்ளிவாய்க்கால் — எல்லாம் ஒரே வரிசையில், கொன்றவர் பெயரோடு. அரசு வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 18-ஆம் தேதி மெழுகுவத்தி ஏற்றுபவர் 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூருக்கு வரட்டும். 21-ஆம் தேதி மலர் தூவுபவர் அதற்கு மூன்று நாள் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பட்டும். முடியாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள், வாதாடுவோம்.